துலூஸ்: கொஞ்சம்கூட லூஸாக இருக்கக் கூடாத ஊர்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கில் ஓர் ஊர். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'டூ லூஸ்' என்று வரும். முதல் தடவை கேட்கிற நம்மூர்க்காரர் யாராக இருந்தாலும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்த ஊர்க்காரர்கள் 'துலூஸ்' என்கிறார்கள். நம்ம 'லூஸ்' அவர்களுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே ஆயிரக்கணக்கான பேர் மாதச் சம்பளம் வாங்குவதே எதுவும் லூஸாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். ஏர்பஸ் விமானங்கள் பிறக்கிற ஊர் இது.

ஊர் முழுக்கச் செங்கல். பக்கத்தில் நல்ல கல் கிடைக்காத பூமி. கரோன் ஆற்றுப் படுகைக் களிமண்ணைச் சுட்டு, சர்ச், பாலம், குடியிருப்பு எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். மத்தியானம் பார்த்தால் சாதாரணச் செங்கல். சாயங்கால வெயில் பட்டதும் ஊரே வெட்கப்பட்ட மாதிரி ரோஸ் கலர் ஆகிவிடுகிறது. 'ரோஸ் நகரம்' என்று செல்லப் பெயர்.

விமானப் பைத்தியம் இந்த ஊருக்குப் பழசு. 1918 கிறிஸ்துமஸ் அன்று லாத்தேகோயேர் என்கிற தொழிலதிபர் இங்கிருந்து பார்சிலோனாவுக்கு விமானம் விட்டார். அதிலிருந்து ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று தபால் விமானங்கள் நீண்டன. 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த் எக்சுபரி இந்தத் தபால் கம்பெனியில் பைலட். 1969 மார்ச் 2-ல் கான்கார்ட் முதல் தடவை பறந்தது இங்கே. 2005 ஏப்ரல் 27-ல் மாடி பஸ் மாதிரி இரண்டடுக்கு ஏ380 முதல் தடவை எழும்பியதும் இங்கேதான்.

எனக்குத் துணைக்கு வந்தவர் ஒரு திருநெல்வேலித் தம்பி. நண்பருடைய சித்தி மகன். துலூஸில் ஏதோ ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஜினியர்.

"என்ன வேலை தம்பி?"

"அளக்கிற வேலை அண்ணாச்சி."

"சர்வேயர் மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. நிலத்துக்குப் பதிலா றெக்கை."

சொல்லிவிட்டு உடனே ஒரு நிபந்தனையும் போட்டார். "எங்க கம்பெனி சமாச்சாரம் ஒண்ணும் கேக்கப்பிடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஊரறிஞ்ச விஷயம் எம்புட்டு வேணாலும் சொல்லுதேன்."

ஊரறிஞ்ச விஷயமே எனக்கு அதிகம்.

ஊர் நடுவிலிருந்து ட்ராம் பிடித்து பிளான்யாக் என்கிற புறநகர்ப் பக்கம் போனால், 2015-ல் திறந்த ஏரோஸ்கோப்பியா மியூசியம். இரண்டு கான்கார்டுகள் நிற்கின்றன. கூட்டம் மூக்கைப் பார்த்து போட்டோ எடுக்கிறது. தம்பி மட்டும் விமானத்தின் வயிற்றுப் பக்கம் ரிவெட் வரிசையைக் குனிந்து குனிந்து பார்க்கிறார். பல் டாக்டருடன் கல்யாணத்துக்குப் போனால் அவர் மாப்பிள்ளையின் பல்லையே பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா, அந்த மாதிரி.

கான்கார்ட் பற்றி ஒரு கதை உண்டு. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும்போது உடம்பு சூடேறி, விமானம் பதினைந்து இருபது சென்டிமீட்டர் நீளும். அந்தச் சமயத்தில் காக்பிட்டில் ஃப்ளைட் இன்ஜினியரின் பேனலுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். தரையிறங்கி ஆறியதும் மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் சியாட்டில் மியூசியத்துக்குப் போன பிரிட்டிஷ் கான்கார்டின் கடைசிப் பயணத்தில், இன்ஜினியர் தன் தொப்பியை அந்த இடைவெளியில் செருகிவிட்டார். விமானம் ஆறியது, தொப்பி மாட்டிக்கொண்டது. மறுபடி அது பறக்கப் போவதில்லை.

சூட்டில் உலோகம் நீளும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான். பரீட்சையோடு மறந்துபோனோம். இந்த ஊரில் அதை மறந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

மியூசியத்திலிருந்தே தொழிற்சாலைக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி, கேமராவைப் பையில் போட்டு, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்று உள்ளே போக வேண்டும். ஏ350 விமானங்களைக் கோர்க்கிற ஹால் அது. மேலே ஒரு மேடையிலிருந்து பார்க்கலாம்.

நான் மனசில் வைத்திருந்தது ஒரு பட்டறை. வெல்டிங் பொறி, எண்ணெய்ப் பிசுக்கு, யாராவது யாரையாவது கத்துகிற சத்தம். கண்ணில் பட்டது ஆஸ்பத்திரி. தரை பளபளக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து நின்று ஒரு இடத்தை உற்றுப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு டிரில்லர் கொஞ்சம் முனகிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அவ்வளவுதான் சத்தம்.

முழு விமானமும் இங்கே செய்யப்படுவதில்லை. உடம்பின் முன்பாதியும் நடுவும் பிரான்ஸின் மேற்குக் கரையில் சாங் நசேரிலிருந்து வருகின்றன. பின்பாதி ஜெர்மனியில் ஹாம்பர்க். இறக்கை பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ப்ராட்டன் என்ற ஊரில் செய்து, ஜெர்மனியில் பிரெமனுக்குப் போய் உள்வேலை முடித்து வருகிறது. நிற்கிற வால் ஜெர்மனியில் ஸ்டாடே, படுக்கிற வால் ஸ்பெயினில் கெட்டாஃபே. இவற்றைச் சுமந்து வருவது பெலூகா என்கிற குண்டு விமானம். 2022 ஜூலையில் பெட்ரோல் போட மீனம்பாக்கத்தில் இறங்கியபோது, 'திமிங்கலம் வந்திருக்கு' என்று மெட்ராஸே வேடிக்கை பார்த்ததே, அந்தக் குடும்பம். இப்போது ஓடுகிற பெலூகா எக்ஸ்எல் கொஞ்சம் பெரியண்ணன், முகத்தில் சிரிப்பு வேறு வரைந்திருக்கிறார்கள்.

ஆக, நாலு தேசத்துத் துண்டுகள். ஒரு ஊர்த் துண்டு இன்னொரு ஊர்த் துண்டை அதுவரை பார்த்ததுகூட இல்லை. இங்கே வந்துதான் முதல் சந்திப்பு. இறக்கை மட்டும் ஒவ்வொன்றும் 32 மீட்டர். நம்ம டவுன் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம். அதைத் தூக்கி, உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இந்தப் பக்கத் துளையும் அந்தப் பக்கத் துளையும் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் போல்ட் உள்ளே போகாது. தட்டி உள்ளே அனுப்பலாமே என்று கேட்டேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

*

எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை அன்று சாயங்காலம் கரோன் ஆற்றங்கரையில் ஒரு காபிக் கடையில் தம்பி விளக்கினார். அங்கே காபி ஒரு விழுங்கு அளவுதான் தருகிறார்கள். விளக்கம் முடிவதற்குள் நாலு வாங்க வேண்டியிருந்தது.

லேசர் டிராக்கர் என்று ஒரு கருவி. ஒரு முக்காலி, அதன் மேல் கூஜா அளவுக்கு ஒரு தலை. தலையிலிருந்து ஒரு லேசர் ஒளி கிளம்பும். எலுமிச்சம்பழம் அளவில் ஓர் எஃகு உருண்டை உண்டு. அதில் ஒரு பக்கம் குடைந்து, மூன்று கண்ணாடிகளை அறை மூலை மாதிரி சேர்த்து வைத்திருப்பார்கள். ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சைக்கிள் பின்னால் சிவப்பாக மின்னுகிற ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, அதன் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையை எடுத்துக்கொண்டு ஆள் நடந்தால், தலை திரும்பித் திரும்பி அதையே பார்க்கும். கல்யாண வீட்டில் காபித் தட்டு போகிற பக்கமெல்லாம் நம் கண் போகிற மாதிரி. உருண்டையை இறக்கையில் ஒரு புள்ளியில் வைத்தால், தூரம் எவ்வளவு, பக்கவாட்டில் எத்தனை டிகிரி, மேலும் கீழும் எத்தனை டிகிரி என்று மூன்று கணக்கில் அந்தப் புள்ளி ஹாலில் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பத்து மீட்டர் தள்ளி நின்றாலும், தவறினால் ஒரு தலைமுடிப் பருமன் அளவுக்குத்தான் தவறும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

1980-களில் அமெரிக்க அரசின் அளவைக்கூடத்தில், ரோபோ கைகள் சொன்ன இடத்துக்குத்தான் போகின்றனவா என்று பார்ப்பதற்காகக் கண்டுபிடித்தது இது. ஆரம்ப கால மாடல்களில் ஒரு தொல்லை. நடுவில் யாராவது குறுக்கே போய் ஒளி அறுந்தால் போச்சு, உருண்டையைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்த கதை. பிறகு வந்த கருவிகள் ஒளி அறுந்தாலும் தாங்களே பிடித்துக்கொள்கின்றன.

அதற்கு முன்னால்? இழுத்துக் கட்டிய கம்பி, தொலைநோக்கி, தியோடலைட். இந்தத் தியோடலைட் நமக்கு வேண்டப்பட்ட கருவி. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்திலிருந்துதான் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். முதல் வேலை, ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் ஆதாரக் கோடு. நூறடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 தடவை போட்டு அளந்தார். வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்று கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தகுந்த மாதிரி கணக்கைத் திருத்திக்கொண்டே போனார். அரை டன் கனமுள்ள அவருடைய தியோடலைட்டை 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு ஏமாற்றி, கருவி சுவரில் மோதி நெளிந்தது. மனுஷன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார். விமானத் தொழிற்சாலைக்காரர்கள் லாம்டன் படத்தை மாட்டிவைத்துக் கும்பிட்டால் தப்பில்லை.

ஏனென்றால் அவருடைய தலைவலி அப்படியே இங்கேயும் உண்டு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 23 மைக்ரான் நீளும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'ப்பூ, இதுதானா' என்று தோன்றும். ஏ380-இன் இறக்கை 36 மீட்டர். பத்து டிகிரி சூடு ஏறினால் எட்டு மில்லிமீட்டர் நீண்டுவிடும். தலைமுடிக் கணக்குப் பேசுகிற இடத்தில் எட்டு மில்லிமீட்டர்! வேல்ஸில் குளிரில் அளந்தவரும் துலூஸில் கோடையில் அளந்தவரும் இரண்டு பேருமே உண்மையைச் சொல்லி, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளலாம். அதனால் உலகம் பூராவும் ஓர் ஒப்பந்தம். அளவு என்றால் 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. வேறு சூட்டில் அளந்தால், 20-க்கு மாற்றிக் கணக்குப் பண்ணிச் சொல்ல வேண்டும்.

ஏ350-இல் பாதிக்கு மேல் கார்பன் ஃபைபர். அது சூட்டுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. ஆனால் பக்கத்திலேயே அலுமினியமும் டைட்டானியமும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் மட்டும் சட்டென்று சூடாகிறவர் என்றால் எப்படியோ, அப்படி.

"இதெல்லாம் சரி தம்பி, அளந்தாச்சு. அப்புறம்?"

"அப்புறம்தான் ஜாதகப் பொருத்தம் அண்ணாச்சி."

வரைபடத்தில் இருக்கிற மாதிரியே அச்சாக வந்த துண்டு உலகத்திலேயே கிடையாது. ஒவ்வொன்றிலும் அங்கே இங்கே கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அளந்த புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, இந்த உடம்புக்கு இந்த இறக்கையை எந்த நிலையில் வைத்தால் குறைகள் எல்லாப் பக்கமும் சமமாகப் பங்காகும் என்று பார்க்கிறார்கள். பத்துக்குப் பத்து பொருந்தாது. எட்டுப் பொருத்தம் இருந்தால் கெட்டிமேளம். கம்ப்யூட்டர் சொன்னபடி ஜாக்கிகள் இறக்கையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும்.

ஆனால் இந்தப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 'எங்கேயிருந்து அளந்தே?' வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தம்பியின் பிரெஞ்சு மேஸ்திரி ஒரு நாளைக்கு இருபது தடவை இதையே கேட்பாராம். இவர் அளவைச் சொல்வார், அவர் அளவைப் பற்றியே பேச மாட்டார்.

நம்ம கொத்தனாருக்கு இது தெரியும். ஒரு மூலையை முடிவு பண்ணி, நூல் கட்டி, அங்கிருந்துதான் எல்லாம். ஒருத்தர் வாசல் சுவரிலிருந்தும் இன்னொருத்தர் அடுக்களைச் சுவரிலிருந்தும் டைல் போட ஆரம்பித்தால், நடுவில் சந்திக்கும்போது அரை டைல் மிஞ்சும். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் அளந்திருப்பார்கள். அந்த ஆரம்ப இடத்துக்கு விமானக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் 'டேட்டம்'.

*

எல்லாம் பண்ணியும் இடைவெளி கொஞ்சம் மிஞ்சும். ஆடுகிற மேஜைக்கால் அடியில் நாம் பஸ் டிக்கெட்டை மடித்து வைக்கிறோமே, அதே வைத்தியம்தான். இவர்கள் அதற்கு 'ஷிம்' என்று பெயர் வைத்து, இடைவெளியை அளந்து, அந்தக் கனத்துக்கே செய்து செருகுகிறார்கள். அதற்குப் பதில் போல்ட்டை இறுக்கியே இடைவெளியை மூடிவிடலாம்தான். மூடிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் வளைத்து இழுத்துக் கட்டிய உலோகத்துக்குள் அந்த இழுப்பு ஆயுள் முழுக்க இருக்கும். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

இந்த இடைவெளி விஷயத்தில் அமெரிக்காவின் போயிங் பட்ட பாடு தனிக் கதை. அவர்களும் 787 விமானத்துக்குப் பல தேசங்களில் துண்டு செய்து வாங்கினார்கள். 2007-ல் முதல் விமானத்தைக் கோர்த்தபோது மூக்குப் பகுதிக்கும் உடம்புக்கும் நடுவே அங்குலத்தில் பத்தில் மூன்று பங்கு இடைவெளி. அது கண்ணுக்கே தெரியும். பல வருஷம் கழித்து வந்த பிரச்னை கண்ணுக்குத் தெரியாது. உடம்புத் துண்டுகளின் இணைப்பில் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. சில இடங்களில் தாண்டியிருந்தது. 2021 மே மாதம் டெலிவரியை நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தது 2022 ஆகஸ்டில். ஒரு தலைமுடி கனத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல் விமானங்கள் வெயிலில் வரிசையாக நின்றன.

துலூஸ்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக் கதை இதைவிடப் பெரிசு.

ஏ380-இன் துண்டுகள் பெலூகாவுக்குள்ளேயே அடங்காது. கப்பலில் போர்தோ பக்கம் பொயாக் துறைமுகத்துக்கு வந்து, படகில் ஆற்றோடு லாங்கோன் வரை போய், அப்புறம் 240 கிலோமீட்டர் ரோட்டில். ஆறு லாரிகள். மூன்றில் உடம்பு, இரண்டில் இறக்கை, ஒன்றில் வால். ராத்திரியில் மட்டும்தான் ஓட்டம். வழியில் லெவிஞாக் என்று ஒரு கிராமம். அதன் தெரு நம்ம மாட வீதியைவிடக் குறுகல். இரண்டு மாடி உயர விமான உடம்பு, ஜன்னல்களை உரசாமல், நடக்கிற வேகத்தில் நகரும். ஜனங்கள் நாற்காலி போட்டுக்கொண்டு, குழந்தைகளை எழுப்பிக் கூட்டிவந்து, தேர் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். 2020-ல் கடைசித் தேர் போனது. அந்தத் தெருவைப் பார்த்தபோது, லாரி டிரைவர்களுக்குத்தான் முதல் மெடல் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

இவ்வளவு ஜாக்கிரதையாக வந்து சேர்ந்த துண்டுகளுக்குள் 500 கிலோமீட்டருக்கு மேல் வயர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த வயர்க் கட்டுகளை துலூஸில் இழுத்துச் சொருகப் போனால், எட்டவில்லை. சில சென்டிமீட்டர் குறைச்சல்.

அளந்தவர்கள் தப்பாக அளக்கவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் டிசைன் பண்ணியது காட்டியா என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமின் நாலாவது பதிப்பில். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் ஐந்தாவது பதிப்பில். ஒன்றில் போட்ட திருத்தம் இன்னொன்றில் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வயர் எப்படி வளைய வேண்டும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஹெட் ஆபீஸில் ஒரு வெர்ஷன், பிராஞ்ச் ஆபீஸில் ஒரு வெர்ஷன் வைத்துக்கொண்டு மாசக் கடைசியில் கணக்கு டாலி ஆகாமல் தவித்த யாருக்கும் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

2006 ஜூன் 14 அன்று தாமதம் பற்றிய செய்தி சந்தைக்குப் போனது. ஏர்பஸ்ஸின் தாய்க் கம்பெனி ஷேர் ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதம் பெரிய நாற்காலிகள் இரண்டு காலி. புதிதாக வந்தவர் சுமார் மூன்று மாதம்தான் இருந்தார், அக்டோபரில் அவரும் போய்விட்டார். ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்து தங்கி, வயரைக் கையால் திருத்தினார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபர் 15-ல்.

வயர் எட்டாவிட்டால் பணம் போகும், உத்தியோகம் போகும். விமானம் தரையில்தானே நிற்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. நாலாவது காபிக்குத் தம்பி சொன்னது வேறு மாதிரி.

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380. உள்ளே 469 பேர். கிளம்பிய சில நிமிஷத்தில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல் இரண்டாவது இன்ஜின் வெடித்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த டர்பைன் வட்டு உடைந்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்துக்கொண்டு போயின. நூற்றுக்கணக்கான வயர்கள் அறுந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் காக்பிட்டில் இருந்தவர்களும் ஒவ்வொரு கோளாறாகச் சமாளித்து, இரண்டு மணி நேரம் கழித்து சிங்கப்பூரிலேயே இறக்கினார்கள். இறங்கிய பிறகும் ஒரு இன்ஜின் 'நிறுத்து' என்று சொன்னால் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 469 பேரும் படியிறங்கி நடந்தார்கள். யாருக்கும் காயமில்லை.

காரணம் ஒரு எண்ணெய்க் குழாய். விரல் நீளச் சமாசாரம். அதன் வாயை உள்பக்கமாகக் கொஞ்சம் அகலப்படுத்தித் துளைக்க வேண்டும். துளை நட்ட நடுவில் விழாமல் ஒரு பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. அதனால் குழாய்ச் சுவர் அந்தப் பக்கம் மெலிந்து, விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடித்து, வட்டு உடைந்தது. ஆஸ்திரேலிய அரசின் விசாரணை அறிக்கை 2013-ல் வந்தது. குழாயைப் பொருத்திய பிறகு, அந்தத் துளைக்கு ஆதாரமாக டிசைன் வரைபடம் குறித்திருந்த இடம் எட்டாமல் மறைந்துவிட்டது. அதனால் தொழிற்சாலை வரைபடத்தில் வேறொரு இடத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். டிசைன் செய்தவர் நினைத்த டேட்டம் ஒன்று, துளைத்தவர் வைத்த டேட்டம் வேறு. இன்ஜின் செய்த ரோல்ஸ்-ராய்ஸின் அந்தத் தொழிற்சாலையில், சின்ன விலகல்தானே என்று தோன்றினால் அதைப் பதிவு பண்ணாமல் விடுவது சகஜமாக இருந்தது என்றும் அறிக்கை எழுதியது.

"எங்கேயிருந்து அளந்தேன்னு எங்க மேஸ்திரி இருபது தடவை ஏன் கேக்காருன்னு இப்பத் தெரியுதா அண்ணாச்சி?"

தெரிந்தது. இதற்கு ஒரு வால் உண்டு. அடிபட்ட அந்த விமானத்தை சிங்கப்பூரில் மாசக்கணக்கில் ரிப்பேர் பண்ணியபோது, வெடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. இறக்கையின் உள்ளே விலா எலும்புகளையும் மேல்தோலையும் பிடித்துக்கொண்டிருக்கிற சின்னச் சின்ன 'எல்' வடிவ உலோகங்களில் மெல்லிய விரிசல். மற்ற விமானங்களைத் திறந்து பார்த்தால் அங்கேயும். 2012 பிப்ரவரியில், பறந்துகொண்டிருந்த ஏ380 அத்தனையையும் சோதிக்கச் சொல்லி ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவு போட்டது. அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்த அலுமினியக் கலவை ஒரு காரணம். கோர்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுப்பு இன்னொரு காரணம். இறுக்கினால் மூடிவிடும் என்றேனே, அந்த இழுப்பு. விசாரணைக்காக யாரும் தேடவில்லை. வேறொரு விபத்து அதைக் காட்டிக்கொடுத்தது. அதே விமானம் ரிப்பேர் முடிந்து 2012-ல் மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது.

ஏ380 இப்போது பிறப்பதில்லை. 251 விமானம் விற்று, கடைசியை 2021 டிசம்பரில் எமிரேட்ஸுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதற்காகக் கட்டிய ஹால் 490 மீட்டர் நீளம், 46 மீட்டர் உயரம். அங்கே 2023 முதல் குட்டி ஏ321 விமானங்களைக் கோர்க்கிறார்கள். யானை கட்டிய கொட்டடியில் ஆட்டுக்குட்டி கட்டிய மாதிரி இருந்தாலும், விற்கிறது என்னவோ ஆட்டுக்குட்டிதான்.

போகிறவர்கள் தொழிற்சாலை டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் அவசியம், ஜெராக்ஸ் செல்லாது. சாப்பாட்டில் ஊர்ப் பெருமை கஸூலே. மொச்சை மாதிரி வெள்ளைப் பயற்றை வாத்துக்கறியோடும் பன்றிக்கறியோடும் மணிக்கணக்கில் வேகவைத்தது. சைவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வயலட் பூவில் செய்த ஐஸ்கிரீமுக்குப் போய்விடலாம். பில்லைத் தம்பிதான் கொடுத்தார். சில்லறையை மட்டும் மூன்று தடவை எண்ணிப் பார்த்தார்.